கூனி ஆகாது

ஜப்பானில் தெருவோரக் கடைகளில் என்னென்ன சாப்பிடலாம் என்று ஒரு பட்டியல் வேண்டுமென்று நந்தினி கேட்டாள். நான் முப்பது வருடம் வேலை பார்த்த சேலத்துச் சுற்றுலாக் கம்பெனியில் ஜப்பான் பயணங்களை இப்போது நடத்துபவள் அவள்தான். "பத்து அயிட்டம் போதுங்க்கா. போட்டோவோட போட்டுருவோம். இப்பெல்லாம் கோயிலையும் மலையையும் யாரு கேக்கறாங்க, சாப்பாட்டைத்தான் கேக்கறாங்க" என்றாள். அன்று மதியமே உட்கார்ந்து எழுதி அனுப்பிவிட்டேன். வண்டியில் வைத்துச் சுட்டு விற்கும் சர்க்கரைவள்ளிக் கிழங்கு, முட்டைக்கோசு போட்டு அடை மாதிரி தடிமனாகச் சுடும் ஒகொனோமியாகி, குச்சியில் கோத்த கோழி, அரிசிமாவு உருண்டை டாங்கோ என்று பத்தும் கைக்குத் தானாகவே வந்தன.

மறுநாள் மறுபடியும் போன். "அக்கா, தகோயாகியை விட்டுட்டீங்களே. மொத ஆளா வர வேண்டியது அதுதானுங்களே?"

"மறந்துட்டேன் கண்ணு. நீயே சேத்துக்க."

மறக்கவில்லை. எழுதப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான். ஏன் என்று அவளிடம் போனில் சொல்லும் தெம்பும் இல்லை. எனக்கு ஓய்வு கிடைத்து இரண்டு வருடம் ஆகிறது. ஏற்காட்டில் அப்பா கட்டிய வீட்டில்தான் இருக்கிறேன். முழங்கால் இரண்டும் விமான நிலையங்களில் நின்றே போய்விட்டன. இனி யாருக்கும் எதையும் விளக்க வேண்டியதில்லை என்று நினைத்துத்தான் மலையேறி வந்தேன். ஆனால் அந்தப் பெண் நாளைக்கு இருபது பேரைக் கூட்டிக்கொண்டு அந்தக் கடை முன்னால் நிற்கப்போகிறாள். அதனால் எழுதுகிறேன்.

நான் வேலைக்கு வந்த கதை சிறியது. அப்பா எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டர். மிஷன் பள்ளியில் படித்ததால் இங்கிலீஷ் வந்தது. ஏரிக்கரை ஓட்டல் ஒன்றில் வரவேற்பில் நின்றேன், அங்கே வந்த கம்பெனிக்காரர் ஒருவர் சேலத்துக்குக் கூப்பிட்டார். முதலில் ஊட்டி, மூணாறு. பிறகு சிங்கப்பூர், மலேசியா. சாயங்கால வகுப்பில் மூன்று வருடம் ஜப்பானிய மொழி படித்தேன். எழுதப் படிக்கத் தடுமாறுவேன், பேச்சில் சமாளிப்பேன். அதை வைத்துத்தான் பிறகு பன்னிரண்டு வருடம் ஜப்பான் எனக்கு வந்தது.

ஜப்பானுக்கு ஆட்களைக் கூட்டிப்போகிறவளுக்குப் பாதி வேலை சாப்பாடுதான். அங்கே நடந்துகொண்டே தின்பதை மரியாதைக் குறைவாக நினைப்பார்கள். வாங்கிய கடை வாசலிலேயே நின்று தின்ன வேண்டும், குச்சியையும் தட்டையும் அந்தக் கடையிலேயே திருப்பிக் கொடுக்க வேண்டும். தெருவில் குப்பைத்தொட்டி இருக்காது. காலையில் பஸ் ஏறும்போதே ஆளுக்கு ஒரு பிளாஸ்டிக் கவர் கொடுத்துவிடுவேன். மோச்சி என்று ஓர் அரிசிப் பண்டம், பசை மாதிரி தொண்டையில் ஒட்டும். வயதானவர்களுக்கு நானே கத்தரிக்கோலால் சின்னச் சின்னதாக நறுக்கிக் கொடுப்பேன். சைவக்காரர்களுக்கு ஆளுக்கொரு அட்டை. இறைச்சி, மீன், மீன் வேகவைத்த சாறு எதுவும் ஆகாது என்று அதில் ஜப்பானிய எழுத்தில் இருக்கும். மீன் சாறு என்று தனியாகச் சொல்லாவிட்டால் காய்கறிக் குழம்பிலும் அது வந்துவிடும்.

இவ்வளவு ஜாக்கிரதையிலும் சறுக்கல்கள் இருந்தன. ஒரு முறை ஆத்தூர்க்கார அம்மா ஒருவருக்கு தைய்யாகி வாங்கிக் கொடுத்தேன். மீன் வடிவ அச்சில் சுட்ட பண்டம், உள்ளே இனிப்புப் பயறு. மீனுக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. பிட்டுக் காட்டினேன். அந்த அம்மா தலையை ஆட்டிவிட்டு, "உள்ள என்ன இருந்தா என்னங்க, வாலு இருக்குதே" என்றார். பத்து நிமிஷம் வாதாடிப் பார்த்தேன். அப்புறம் வெட்கமாக இருந்தது. அடுத்த தெருவில் அதே மாவை வட்டமாகச் சுட்டு விற்கும் கடையைத் தேடிப் பிடித்தேன். மூன்று தின்றார்.

எங்கள் மேலாளர் நாகராஜன் சாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதேயில்லை. யாராவது தப்பு செய்தால் மேஜை டிராயரிலிருந்து பென்சிலை எடுத்துச் சீவ ஆரம்பிப்பார். சீவி முடிக்கும்வரை நாம் நிற்க வேண்டும். பிறகு ஒரே ஒரு வாக்கியம் சொல்வார். அது பெரும்பாலும் சரியாகவே இருக்கும். படிவங்களைத் தயாரிப்பவர் அவர். சாப்பாட்டுக்கு அதில் இரண்டே கட்டம், சைவம், அசைவம். ஒரு முறை மூன்றாவதாக ஒரு வரி சேர்க்கலாமா என்று கேட்டேன்.

"சேத்தா எழுதுவாங்க ஜெசிந்தா. ஒருத்தருக்குக் கத்தரிக்காய் ஆகாது, இன்னொருத்தருக்கு வெள்ளிக்கிழமை முட்டை ஆகாது. எழுத்துல வந்துட்டா அது நம்ம பொறுப்பு. கேக்காம இருக்கறதும் ஒரு ஏற்பாடுதான்."

அப்போது அது புத்திசாலித்தனமாகப்பட்டது.

எங்கள் மலையிலிருந்தே ஒரு குழு ஜப்பான் போவதென்று முடிவானபோது அது இயல்பாகவே எனக்கு வந்தது. காப்பி, மிளகு விவசாயிகள், பதினெட்டுப் பேர். தலைக்கட்டு மாதிரி முன்னால் நின்று எல்லாம் செய்தவர் கிளியூர்ப் பக்கம் தோட்டம் வைத்திருந்த பொன்னுசாமி. வாய் ஓயாத மனுஷர், எல்லோருக்கும் வேண்டியவர். அவர் மனைவி ராமாயியம்மாவுக்கு அப்போது ஐம்பத்தைந்து இருக்கும். அவர் பேசி நான் அதிகம் கேட்டதில்லை. எதைக் கேட்டாலும் பதில் பொன்னுசாமியிடமிருந்து வரும்.

படிவம் நிரப்பும் வேலை அவர்கள் களத்தில் நடந்தது. காப்பிக் கொட்டையை ஓரமாக ஒதுக்கிவிட்டு நாற்காலி போட்டிருந்தார்கள். பொன்னுசாமி பாஸ்போர்ட்டுகளை வாங்கி அடுக்கிக்கொண்டே போனில் யாருடனோ பேசிக்கொண்டிருந்தார். ராமாயியம்மாவின் முறை வந்தது. நான் கேட்பதற்கு முன்னால் அவரே சொன்னார்.

"ஏனுங்கம்மா, நான் எல்லாமே திம்பனுங்க. கூனி மட்டும் ஆவாதுங்க. சின்னதுல சந்தையில வாங்கியாந்த கூனிக் கருவாட்டுக் கொழம்பைத் தின்னுபோட்டு மூஞ்சியெல்லாம் வீங்கி, மூச்சே வாங்க முடியலீங்க. எங்கம்மா நொம்ப பயந்துபோச்சு. அதுக்கப்பறம் தொட்டதே இல்லீங்க."

கூனி என்றால் நகக்கண் அளவு கூட இல்லாத குட்டி இறால். காயவைத்துச் சந்தையில் படிக்கணக்கில் விற்பார்கள். மலையில் கடல் மீன் அபூர்வம், கூனி மட்டும் எப்படியோ ஏறி வந்துவிடும்.

"ஜப்பான்ல போயி கூனி யாருங்கம்மா போடப்போறாங்க?" என்றேன். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவரும் சிரித்துவிட்டு காப்பித் தம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். படிவத்தில் அசைவம் என்ற கட்டத்தில் டிக் அடித்தேன். பழக்கதோஷத்தில் என் சின்ன நோட்டுப் புத்தகத்தில், 'ராமாயி, கூனி ஆகாது' என்று எழுதினேன். எழுதியதோடு சரி. அசைவக்காரர்களுக்கு அட்டை கிடையாது.

பயணத்தின் எட்டாவது நாள், ஒசாகாவில், மதியம் மூன்று மணி இருக்கும். தகோயாகிக் கடை. பணியாரக் கல் மாதிரியே குழிக்குழியான கல், மாவை ஊற்றி ஒவ்வொரு குழியிலும் ஆக்டோபஸ் துண்டு ஒன்றைப் போட்டு, ஊசி மாதிரி ஒரு குச்சியால் கிண்டிப் புரட்டுவார்கள். எங்கள் ஆட்களுக்கு அதைப் பார்ப்பதே வேடிக்கை. "நம்மூட்டுப் பணியாரமாட்டத்தான் இருக்குதுங்க" என்றார் ராமாயியம்மா. அந்தப் பயணத்தில் அவர் தானாகப் பேசியது அபூர்வம், அதனால் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. நானே வாங்கி, நானே பிளந்து, உள்சூடு ஆறட்டும் என்று ஊதி அவர் கையில் கொடுத்தேன். இரண்டு தின்றார்.

சமையல்காரர் மாவின் மேல் இளஞ்சிவப்பாக ஒன்றைத் தூவுவதை நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். அதற்கு ஜப்பானியப் பெயர்கூட எனக்குத் தெரியும். அதுதான் கூனி என்று மட்டும் தோன்றவில்லை. எனக்குள் இரண்டும் இரண்டு நாட்டில் இருந்தன.

முதலில் உள்ளங்கையைச் சொறிந்தார். அப்புறம் உதடு தடித்தது. "ஏனுங்கம்மா, தொண்டைக்குள்ள ஏதோ..." என்று ஆரம்பித்தவரின் குரல் கரகரத்து நின்றுவிட்டது. முகம் என் கண்ணெதிரே வீங்கியது. கூனி என்ற அந்தச் சொல் அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது. கடைக்காரரிடம் "எபி, எபி" என்று கத்தினேன். இறால் என்று அர்த்தம். அவர் முகம் வெளுத்துப்போய்விட்டது. ஆம்புலன்சுக்கு அவர்தான் போன் செய்தார். வண்டி வந்து ஏற்றும்போது, அடுப்பை அப்படியே விட்டுவிட்டு ஓடிவந்து அந்தக் காய்ந்த இறால் பாக்கெட்டை என் கையில் திணித்தார், டாக்டரிடம் காட்டுங்கள் என்று. ஆஸ்பத்திரியில் இறக்கியதுமே தொடையில் ஊசி போட்டார்கள். வழி நெடுகப் பொன்னுசாமி தன் மனைவியின் செருப்பு ஒன்றைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்டார், இதற்கு முன்னால் இப்படி வந்திருக்கிறதா என்று. "சின்ன வயதில் ஒரு முறை, இதே பொருளால்" என்றேன் ஜப்பானிய மொழியில். அவர் எழுதிக்கொண்டார். உயிருக்கு ஆபத்து நீங்கியது என்று சொல்ல நான்கு மணி நேரம் ஆயிற்று.

மறுநாள் காலை நாகராஜன் சார் பேசினார். முதலில் அந்த அம்மா எப்படி இருக்கிறார் என்றுதான் கேட்டார். பிறகு, "படிவத்துல இருக்கா?" என்றார்.

"இல்லீங்க சார்."

"வாயால ஏதாவது சொன்னாங்களா?"

நான் பையிலிருந்த நோட்டுப் புத்தகத்தைத் தடவிக்கொண்டு நின்றேன். அவர் காத்திருந்தார். போனில் பென்சில் சீவும் சத்தம் கேட்டதாகவே எனக்கு ஞாபகம்.

"எழுத்துல இல்லேன்னா இல்லதான் ஜெசிந்தா. பயணி முன்கூட்டித் தெரிவிக்கவில்லைன்னு அறிக்கையில ஒரு வரி போட்டுடுங்க. கீழ அவங்க வீட்டுக்காரர்கிட்ட ஒரு கையெழுத்து வாங்கிக்குங்க."

ஆஸ்பத்திரிச் செலவு இன்ஷூரன்சில் வந்துவிட்டது. அந்த வரி கம்பெனி மேல் பேச்சு வராமலிருக்க. என் மேலும்தான். எழுதினேன். கட்டிலருகே நின்று நான் படிக்கப் படிக்கப் பொன்னுசாமி கேட்டார். "பாத்தியா, நீ சொல்லவே இல்லியாமா. ஏம்புள்ள, இதையெல்லாம் சொல்றதில்லியா?" என்று மனைவியைப் பார்த்துச் சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போட்டார். ராமாயியம்மாவுக்கு இன்னும் குரல் வரவில்லை. என்னைப் பார்த்தார். நான் குளுக்கோஸ் குழாயைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

மீதி இரண்டு நாளும் நான் கொண்டுபோயிருந்த புளிக்காய்ச்சலையும் வெறும் சோற்றையும்தான் அவர் தின்றார். ஊர் வந்து சேர்ந்தோம். எல்லோரும் எனக்கு நன்றி சொன்னார்கள். "நீங்க இல்லாட்டி அவ உசுரு இல்லீங்க" என்று பொன்னுசாமி கையெடுத்துக் கும்பிட்டார்.

அதன் பிறகு நான் இரண்டு முறை ஜப்பான் போய்வந்தேன். வேலை நடந்தது. அந்தக் கடை இருந்த தெருவுக்குள் மட்டும் போகவில்லை.

ஆறு மாதம் கழித்து லீவில் ஏற்காடு வந்திருந்தேன். ஒண்டிக்கடை நிறுத்தத்தில் பஸ்ஸுக்கு நின்றேன். பக்கத்து டீக்கடையில் பொன்னுசாமி நாலைந்து பேருக்கு ஜப்பான் கதை சொல்லிக்கொண்டிருந்தார். பலமுறை சொல்லிப் பழகிய கதை என்பது கேட்டாலே தெரிந்தது. "...வாயைத் தொறந்து ஒரு வார்த்த சொல்லியிருந்தா ஆஸ்பத்திரி எதுக்குங்க? எம்பொண்டாட்டிக்கு உசுரவிட வாயடக்கம் பெருசு" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். ராமாயியம்மா காய்கறிப் பையோடு ஓரமாக நின்றிருந்தார். கூட்டத்தில் ஒருவர், "ஏனுங்க்கா, சொல்ல வேண்டியதுதானுங்களே?" என்று கேட்டார்.

"சொன்னாப்பலதானுங்க ஞாபகம்" என்றார் ராமாயியம்மா. கொஞ்சம் நிறுத்தி, "சொல்லலியாட்டத்தான் இருக்குதுங்க" என்றார்.

என் பஸ் வந்தது. ஏறிக்கொண்டேன். அவர்கள் என்னைப் பார்க்கவில்லை. வண்டி கொண்டை ஊசி வளைவுகளில் சேலத்துக்கு இறங்கியது. நான் பொய் எழுதியது எனக்குத் தெரிந்த விஷயம், அதோடு எப்படியோ குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தேன். அந்தப் பொய் அவர் ஞாபகத்துக்குள்ளேயே புகுந்து உட்கார்ந்திருக்கிறது என்பது அன்றுதான் தெரிந்தது. தன் காதால் கேட்ட தன் குரலையே அவர் நம்பாமல் இருக்கிறார்.

திங்கட்கிழமை நோட்டுப் புத்தகத்தைக் கொண்டுபோய் நாகராஜன் சாரின் மேஜையில் விரித்து வைத்தேன். படித்தார்.

"இதை வேற யாருக்காவது காட்டினீங்களா?"

"இன்னும் இல்லீங்க சார். அவங்ககிட்டக் காட்டப் போறேன். அறிக்கையும் மாத்தி எழுதித் தரேன்."

பென்சிலை எடுத்தார். ஏற்கெனவே கூராக இருந்தது. ஆனாலும் சீவினார்.

"புதுசு குடுத்தா பழசும் ஃபைல்லதான் இருக்கும். ரெண்டும் உங்க கையெழுத்து. ஜப்பான் இனிமே உங்களுக்குத் தர முடியாது."

"சரிங்க சார்."

அங்கேயே உட்கார்ந்து எழுதிக் கொடுத்தேன். தேதி முத்திரை குத்தி வாங்கிக்கொண்டார். கோபமில்லை, வருத்தமில்லை. அதன் பின் ஓய்வு வரை எனக்குக் காசியும் ராமேஸ்வரமும்தான். அடுத்த வருடம் அச்சாகி வந்த படிவத்தில், இரண்டு கட்டங்களுக்குக் கீழே, 'உடம்புக்கு ஆகாதது எது? பயணி சொல்லும் வார்த்தையிலேயே எழுதவும்' என்று ஒரு வரி இருந்தது. அதைச் சேர்த்தவர் அவர்தான். என்னிடம் அவர் அதைப் பற்றிப் பேசவேயில்லை. அவரைப் பற்றி இன்றுவரை ஒரு முடிவுக்கு என்னால் வர முடியவில்லை.

அறிக்கையை மாற்றி எழுதிக் கொடுத்த வாரத்து ஞாயிற்றுக்கிழமை கிளியூர் போனேன். மழை தூறிக்கொண்டிருந்தது. பொன்னுசாமி, "வாங்க வாங்க, ஜப்பான்காரம்மா" என்று வரவேற்றார். ராமாயியம்மா காப்பி வைக்க எழுந்தார்.

"காப்பி வேண்டாங்கம்மா. நீங்களும் உக்காருங்க. ஒண்ணு சொல்லணும்."

சொன்னேன். களத்தில் அவர் சொன்னது, நான் சிரித்தது, நோட்டில் எழுதியது, அட்டை எழுதாமல் விட்டது, ஆஸ்பத்திரியில் டாக்டரிடம் உண்மையைச் சொல்லிவிட்டு அறிக்கையில் பொய் எழுதியது. வேலை போய்விடும் என்ற பயம் இருந்தது என்றேன். அதைச் சொன்னபோது சாக்குச் சொல்வதுபோல எனக்கே கேட்டது. நோட்டைத் திறந்து அந்த வரியைப் படித்தேன்.



"எங்க வெச்சுங்க சொன்னா?" என்றார் பொன்னுசாமி.

"இதா, இந்தக் களத்துலதானுங்க. நீங்க பாஸ்போர்ட்டை அடுக்கிக்கிட்டு இருந்தீங்க. போன்ல பேசிக்கிட்டு."

"நானிருந்தனா?"

"இருந்தீங்க. மூணடி தூரத்துல."

ராமாயியம்மா கையை நீட்டினார். நோட்டைக் கொடுத்தேன். அவர் எழுத்துக்கூட்டித்தான் படிப்பார். விரலை வைத்துப் படித்தார். பெயரையும் படித்தார். பிறகு என்னைப் பார்த்து மெதுவாகச் சொன்னார்.

"ஆறு மாசமா எனக்கு என்னென்னமோ ஆச்சுங்க. அடுப்ப அணைச்சனா, அணைக்கலியான்னு நாலு தடவ எந்திரிச்சுப் பாப்பனுங்க. ஆட்டுக்குட்டியக் கட்டினனா இல்லியான்னு சந்தேகம். புத்தி கெட்டுப்போச்சுன்னுதான் நெனச்சனுங்க."

"மன்னிச்சுக்குங்கம்மா."

"அன்னிக்கே சொல்லியிருக்கலாமுங்க."

"சொல்லியிருக்கணும்."

அவர் மன்னித்ததாகச் சொல்லவில்லை. நோட்டைத் திருப்பிக் கொடுத்தார். நான் எழுந்து குடையை எடுத்துக்கொண்டேன். பொன்னுசாமி வழியனுப்ப வருவார் என்று நினைத்தேன், எப்போதும் ரோடுவரை வருகிறவர். வரவில்லை. நாற்காலியில் அப்படியே உட்கார்ந்து, ஈரமான களத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் வாசலைத் தாண்டும்போது அவர் குரல் கேட்டது. அந்த மனுஷர் அவ்வளவு தணிந்து பேசி நான் கேட்டதில்லை.

"ஏம்புள்ள, இந்த மாதிரி வேற எதாவது சொல்லி, நாங் காதுல வாங்காம வுட்டிருக்கனா?"

நாற்காலி ஒன்று தரையில் இழுபட்டது.

"இருக்குதுங்க" என்றார் ராமாயியம்மா. "நொம்ப இருக்குது. எந்திரிக்காம உக்காந்து கேளுங்க."

நான் திரும்பிப் பார்க்காமல் ரோட்டுக்கு இறங்கினேன்.